ஐந்தரை மணி மோகினி

கதவு திறந்து கிடந்தது.

தனசேகரனின் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. ஐயா ஒருநாளும் கதவைத் திறந்து போடுகிற ஆள் இல்லை!

"ஐயா...?"

மறுபடி கூப்பிட்டார்.

கையில் ரங்கூன்காரர்களின் மீன்குழம்புச் சேமியா, மொஹிங்கா பொட்டலம். மூன்று மாடி ஏறி வந்தும் சூடு ஆறாமல் விரலைச் சுட்டது. ஐம்பத்தெட்டு வயசுக்கு மூன்று மாடி என்பது மூன்று மாடி அல்ல, முப்பது மாடி. முழங்கால் கெஞ்சியது.

உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஞானமுத்து ஐயா தரையில் கிடந்தார்!

குப்புற. ஒரு கை முன்னால் நீண்டிருந்தது, எதையோ பிடிக்கப் போனமாதிரி. பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் பித்தளை மெழுகுவத்தித் தண்டு.

பொட்டலம் கீழே விழுந்தது. மீன் குழம்பு தரையில் ஓடியது.

"ஐயா! ஐயா! என்னைப் பாருங்க ஐயா!"

ஐயா பார்க்கவில்லை. இனிமேல் யாரையும் பார்க்கப் போவதில்லை. உடம்பில் மட்டும் இன்னும் சூடு மிச்சமிருந்தது, அந்த மொஹிங்காவைப் போல.

தனசேகரன் நிமிர்ந்தார். ஐயா எழுபத்தாறு வயசு மனிதர். மனைவி தெரேசா போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் தனியாக இருந்தவர். தெரேசாம்மா படத்துக்கு முன்னால் தனசேகரன் ஏற்றி வைத்த விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் அவர் படுக்கப் போட்டுவிட்டுப் போன துடைப்பம் நாற்காலியோரம் நின்றுகொண்டிருந்தது. கண் அதைப் பார்த்தது. மனசு பார்க்கவில்லை.

மேற்கு ஜன்னல் வழியாக அந்தி வெளிச்சம் சாய்வாக உள்ளே வந்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தின்மேல் விழுந்தது.

மணி ஐந்தரை. அவள் வருகிற நேரம்!

தனசேகரன் பழக்க தோஷத்தில் படத்தைப் பார்த்தார். அப்போதுதான் அலறினார்.

படம் இருந்தது. ஈரமான தெரு இருந்தது. இலையில்லாத மரங்கள் இருந்தன. மஞ்சள் ஆகாயமும் நிலாவும் இருந்தன.

அவளைக் காணோம்!

* * *

நான்கு வருஷமாக இதுதான் அவருடைய சாயங்காலம்.

விடியற்காலையில் முனிசிபாலிட்டித் தெருவைக் கூட்டுவார். சாயங்காலம் ஐயா வீட்டைக் கூட்டுவார். விளக்கேற்றுவார். பிறகு இரண்டு பேரும் நாற்காலி போட்டு அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். ஐந்தரைக்கு வெளிச்சம் சாயும். வெறும் தெருவாக இருந்த படத்தில் பனி கலைகிறமாதிரி ஒருத்தி வருவாள். மெல்லிய சேலைபோல ஒன்று. தும்பி இறக்கை. நெற்றியில் பிறை. மரத்துக்கு மேலே, தரை தொடாமல் மிதப்பாள். அவள் காலடியில், தெருவில் தேங்கிய தண்ணீருக்குள்ளிருந்து சின்னச் சின்ன முகங்கள் எட்டிப் பார்க்கும். பத்து நிமிஷம். அவ்வளவுதான். வெளிச்சம் போனதும் போய்விடுவாள்.

ஐயா அவளை 'ஃபேரி' என்பார். தனசேகரனுக்கு அவள் மோகினி.

"விக்டோரியா ராணி காலத்துப் படம் சேகரா. என் தாத்தா ஒரு வெள்ளைக்கார தொரைகிட்ட குமாஸ்தா. நாப்பத்திரண்டுல ஜப்பான் குண்டு விழறப்போ தொரை கப்பலேறினான். இதைத் தூக்க முடியல, தாத்தாகிட்ட விட்டுட்டுப் போயிட்டான்."

"அவங்க ஊர்லயும் மோகினி உண்டுங்களா ஐயா?"

"இருந்துச்சு. அப்புறம் ரயில் வந்துச்சு, ஃபேக்டரி வந்துச்சு, புகை வந்துச்சு. பேய், பிசாசு, தேவதைங்களுக்கெல்லாம் இருக்க எடமில்லாமப் போச்சு. எல்லாம் இந்த அந்தி நேரத்துக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிச்சுங்க."

"நம்மள மாதிரி..."

"ஆமா. நம்மள மாதிரி."

அதற்குமேல் அவர்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசவேண்டிய அவசியம் இருக்காது. தனசேகரனின் மனைவி ரத்தினம்மாள் போய் ஐந்து வருஷம். மகள் சாந்தி மலேசியாவில். தீபாவளிக்கு ஒரு போன். தாகேதாவில் அவருடைய அறையில் பேசுகிறது மழை மட்டும்தான்.

போன மாசத்திலிருந்து ஐயாவிடம் ஒரு மாற்றம். விரலில் பழுப்புச் சாயம். வீட்டில் டர்பன்டைன் வாடை.

"என்னங்கய்யா கையில?"

"பொறு. தெரியும்" என்று சிரிப்பார். ஒருநாள் திடீரென்று, "சேகரா, வேலை முடிச்சிட்டு வீட்டுக்குப் போறப்ப எப்படி நடப்பே? அந்த நடையைக் கொஞ்சம் நட, பாக்கலாம்!" என்றார்.

வயசானால் கொஞ்சம் அப்படித்தான் என்று தனசேகரன் நடந்து காட்டினார்.

* * *

"காணாமப் போனது என்ன?"

"ஒரு பொம்பளை, சயா."

"எந்தப் பொம்பளை?"

"படத்துல இருந்தவ. றெக்கை வெச்சவ."

இன்ஸ்பெக்டர் மின் லுவின், பேனாவை மூடிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்பா பர்மாக்காரர், அம்மா தாமுவே பேட்டைத் தமிழச்சி. தமிழ் தடங்கலில்லாமல் வரும். சிரிப்பு மட்டும் எந்தப் பாஷையிலும் வராது.

"ஊலே... பெரியவரே, சாயங்காலம் எவ்வளவு குடிச்சீங்க?"

"பச்சத் தண்ணி கூடக் குடிக்கல சயா. அஞ்சரைக்கு அவ வருவா. இன்னிக்கு வரல."

"நத்தமீ தேவதை மாதிரியா? படத்துல இருந்து எறங்கி, மெழுகுவத்தித் தண்டால ஒரு போடு போட்டுட்டுப் பறந்துட்டாளா?"

கான்ஸ்டபிள் களுக்கென்று சிரித்தான். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான்.

"சரி. நீங்க செஞ்சதைச் சொல்லுங்க."

"நாலரைக்குக் கூட்டி முடிச்சேன். அஞ்சு மணிக்கு வெளக்கு வெச்சேன். மொஹிங்கா வாங்கப் போனேன். கடையில கூட்டம். திரும்பி வந்தா... இப்படி."

"கதவுச் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. ஐயாகிட்ட ஒண்ணு."

"பூட்டு உடையல. டாக்டர் அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவுலங்கறார். கடைசியா உசுரோட பாத்தது நீங்க. மொதல்ல பொணமாப் பாத்ததும் நீங்க." இன்ஸ்பெக்டர் குனிந்தார். "இந்தக் கணக்குக்கு எங்க ஸ்டேஷன்ல ஒரே விடைதான் ஊலே. இன்சீன்."

இன்சீனில் ரயில் பட்டறை உண்டு. மார்க்கெட் உண்டு. ஆனால் போலீஸ்காரர் வாயில் வருகிற இன்சீன் என்றால் ஒன்றே ஒன்றுதான். ஜெயில்!



அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு அழுகை.

"மாமா...! ஐயோ மாமா...!"

ஏஞ்சலா. ஐயாவின் தங்கை மகள். போலீஸ் போன் போட்டதும் ஓடி வந்திருந்தாள். இன்சீன் பக்கம் வாடகை வீடு. மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மத்தியானம் வருவாள். இரண்டு மணி ரயிலைப் பிடிக்க ஓடுவாள். மிச்ச நாளெல்லாம் ஐயாவுக்கு இருந்த ஒரே ரத்த சொந்தம் அவள் போன் நம்பர்தான்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்தவள், தனசேகரனைச் சுற்றிப் போலீஸ் நிற்பதைப் பார்த்தாள்.

"இவரை எதுக்கு நிக்க வெச்சிருக்கீங்க? சேகர் அண்ணன் அப்படிப்பட்டவரே இல்லை!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் இன்னிக்கு வந்திருந்தேனே! அஞ்சு மணி தாண்டி. கரன்ட் இல்லை, அத்தை படத்துக்கு முன்னாடி வெளக்கு எரிஞ்சிட்டு இருந்துச்சு. மாமா கைதவறி டீ கிளாஸை ஒடைச்சிட்டாங்க. அண்ணன் அதைக் கூட்டிட்டிருந்தாரு. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் படியெறங்கினோம். மாமா உள்ளேருந்து தாழ் போட்டாங்க. என் காதால கேட்டேன்!"

தனசேகரன் விழித்தார்.

அவர் இவளைப் பார்க்கவே இல்லையே!

"அப்படின்னா வேற யாரு வந்திருப்பாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஹஸ்ஸான் பாய்! பழைய சாமான் கடை வெச்சிருக்காரே. இந்தப் படத்தைக் குடுங்க குடுங்கன்னு மாமா உசுரை எடுத்தாரு. மாமா தரமாட்டேன்னுட்டாங்க. அவருக்குன்னா மாமா கதவைத் தெறந்திருப்பாங்க."

"படத்துல ஒரு பொம்பளை இருந்தாளாமே?"

"பொம்பளையா?" ஏஞ்சலா கண்ணீருக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள். "ரோடு, மரம், நிலா. இதுல எங்கிருந்து பொம்பளை வருவா? பாவம், அண்ணனுக்கு அதிர்ச்சி."

தனசேகரன் அந்தப் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்த இன்னொரு ஆள் வெள்ளைத்துணிக்குள் கிடந்தார். உலகத்தில் இனி ஒருத்தருக்கும் அவளைத் தெரியாது. ஒருவேளை... அவள் இல்லவே இல்லையோ? தனியாகக் கிடந்து கிடந்து தனக்கு மண்டை கலங்கிப்போய்விட்டதோ?

கான்ஸ்டபிள் வாக்குமூலத்தை எழுதி நீட்டினான்.

"ஊலே, அதிர்ஷ்டக்காரர் நீங்க. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

தனசேகரன் நாற்பது வயசுக்குமேல், வேலை நிரந்தரமாக வேண்டுமே என்று எழுத்துப் படித்தவர். வேகமாக வராது. வட்டம் வட்டமாக இருந்த பர்மிய எழுத்துக்கடியில் விரலை வைத்து நகர்த்தி, ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். எல்லாரும் பொறுமையில்லாமல் பார்த்தார்கள். விரல் மூன்றாவது வரியில் நின்றது.

'விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தனசேகரன் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.'

அப்போதுதான் அந்தத் துடைப்பம் அவர் மனசுக்குள் வந்து நின்றது! நாற்காலியோரம். செங்குத்தாக.

பேனா கையில் இருந்தது. ஒரு கையெழுத்து. போட்டால் தாகேதா. போடாவிட்டால் இன்சீன்.

ஐயாவின் நீட்டிய கை ஞாபகம் வந்தது.

"இது பொய், சயா."

"என்னது?"

"இந்த அம்மாவை நான் பாக்கல. நான் தனியாத்தான் எறங்கினேன். வெளக்கு வெச்சப்புறம் நான் தொடப்பத்தைத் தொட்டதும் இல்லை."



"யோவ் ஊலே!" இன்ஸ்பெக்டருக்குக் குரல் எகிறியது. "இந்தப் பொய்தான்யா உன்னைக் காப்பாத்துது!"

"தெரியும் சயா."

"இது போச்சுன்னா உனக்குச் சாட்சி யாருமே கிடையாது!"

"அதுவும் தெரியும்."

ஏஞ்சலாவின் முகத்தில் ரத்தம் இல்லை. "நல்லது செய்யப்போனா இப்படித்தான்... மாமா போன சோகத்துல ஏதோ உளர்றாரு..."

இன்ஸ்பெக்டர் தனசேகரனையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கான்ஸ்டபிளிடம், "இவரை வண்டியில ஏத்து" என்றார்.

லாக்கப்பில் வைக்கும்போது கான்ஸ்டபிள் வழக்கப்படி கேட்டான். "யாருக்குத் தகவல் சொல்லணும்?"

தனசேகரன் மகள் நம்பரைச் சொன்னார். மலேசியாவில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

"வேற யாரு?"

வேறு யார்? அவர் யோசித்துப் பார்த்தார்.

"அவ்வளவுதான் தம்பி" என்றார்.

* * *

மறுநாள். மாலை ஐந்து மணி.

அதே வீடு. அதே படம். கரன்ட் வழக்கம்போல இல்லை.

நாற்காலியில் ஏஞ்சலா. அவளுக்கு எதிரே தாடியைத் தடவியபடி ஹஸ்ஸான் பாய். வாசலோரம் தனசேகரன். கையில் விலங்கு. சுவரோரம் போர்வை சுற்றிய ஏதோ ஒன்றைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன்மேல் யாரும் கை வைக்காதபடி கான்ஸ்டபிள் நின்றான்.

"பாய், நேத்து அஞ்சுல இருந்து அஞ்சரை எங்க இருந்தீங்க?"

"பள்ளிவாசல் கமிட்டிக் கூட்டத்துல. நாப்பது பேரு இருந்தோம். நாப்பது பேரும் சண்டை போட்டோம். எங்க சத்தம் உங்க ஸ்டேஷனுக்கே கேட்டிருக்கணுமே!"

"இந்தப் படத்துக்காக நீங்க அலைஞ்சது உண்மைதானே?"

"ஒரு தடவை பாத்தேன், ஒரு வருஷம் முன்னாடி. பத்து தடவை கேட்டேன். பெரியவர் தரல. அதுக்காக ஆளைக் கொல்றதுன்னா ரங்கூன்ல பாதிக் கிழவங்களை நான் கொன்னிருக்கணும்." பாய் எழுந்து படத்துக்கிட்டே போனார். மூக்கைக் கொண்டுபோனார். நெற்றி சுருங்கியது. மறுபடி மோந்தார்.

"அல்லாவே! எந்தக் கழுதை இதைப் பழைய படம்ன்னான்?"

"ஏன்?"

"நூத்தைம்பது வருஷத்துப் படம் தூசி வாடை அடிக்கும். இது எண்ணெய் வாடை அடிக்குது! விரலை வெச்சா ஒட்டுது. சட்டம்தான் பழசு. துணி போன மாசத்துது. போன்ல போட்டோ புடிச்சு, அதைப் பாத்து எவனோ வரைஞ்சிருக்கான்!"

ஏஞ்சலா சட்டென்று தனசேகரன் பக்கம் கையை நீட்டினாள். "பாத்தீங்களா! இந்த ஆளு மாத்தியிருக்காரு! தெனம் வர்ற ஆளு! அதான் நேத்து என்னைப் பொய்க்காரின்னாரு!"

"இருக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்து நீங்க சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. வெளக்கு எரிஞ்சுது?"

"எரிஞ்சுது."

"அதுக்கப்புறம் இவரு கூட்டினாரு?"

"எத்தனை தடவை சொல்றது? கூட்டினாரு!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை அவளுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கம்மா பேரு புஷ்பலதா. தாமுவேல கேட்டுப் பாருங்க, அடிக்குப் பேர் போனவ. எனக்கு எட்டு வயசுல, வெளக்கு வெச்சப்புறம் நல்ல புள்ளையாட்டம் வீட்டைக் கூட்டினேன். லட்சுமியைக் கூட்டி வெளியே தள்றியாடான்னு அதே தொடப்பத்தால வெளுத்தா! எங்கப்பா புத்தர் சாமி முன்னாடி உக்காந்து சிரிச்சிட்டிருந்தாரு. அன்னிலேருந்து இன்னி வரைக்கும் பொழுது சாஞ்சா நான் தொடப்பத்தைத் தொட்டதில்லை. நான் அரைத் தமிழன். இவரு முழுத் தமிழன். முப்பது வருஷமாத் தொடப்பத்தோட வாழறவரு."

ஏஞ்சலா உதட்டைச் சுழித்தாள். "மிஷன் ஸ்கூல்ல இந்த மூடநம்பிக்கையெல்லாம் சொல்லித் தரல. ஒரு கிளாஸ் ஒடைஞ்சா கூட்டத்தானே வேணும்?"

"ஒரு கிளாஸ்... சரி. குப்பைத் தொட்டியில ரெண்டு கிளாஸ் ஒடைஞ்சு கெடக்கே?"

அவள் குப்பைத் தொட்டிப் பக்கம் திரும்பினாள்.

தனசேகரன் முதல்முறையாகப் பேசினார்.

"சயா... நான் மாத்தியிருந்தா அவளையும் சேத்து வரையச் சொல்லியிருப்பேனே."

"யாரை?"

"மோகினியை. மாத்துன ஆளுக்கு அவ இருக்கறதே தெரியாது. அஞ்சரை வரைக்கும் இந்த வீட்டுல இருந்ததே இல்லை."

"பைத்தியம்!" ஏஞ்சலா கத்தினாள். "அதுல பொம்பளை கிடையாது! கிடையவே கிடையாது!"

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபத்தெட்டு.

கான்ஸ்டபிளுக்குத் தலையசைத்தார்.

போர்வை விழுந்தது!

உள்ளே ஒரு படம். ஈரத் தெரு. இலையில்லாத மரம். நிலா.

"இன்னிக்குக் காலையில, நீங்க இல்லாதப்போ, உங்க இன்சீன் வீட்டுல, கட்டிலுக்கடியில கெடச்சுது, மா ஏஞ்சலா."

அவள் அசையவில்லை. யாரும் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆற்றில் ஒரு கப்பல் ஊதியது. வெளிச்சம் தரையில் ஊர்ந்து, சுவரில் ஏறி, அந்தப் படத்தின்மேல் சாய்ந்தது.

பனி கலைந்தது.

முதலில் பிறை. பிறகு நெற்றி. பிறகு கண்ணாடிபோல இரண்டு இறக்கை...

"யா அல்லாஹ்..." ஹஸ்ஸான் பாய் இரண்டடி பின்னால் போனார்.

கான்ஸ்டபிள் தன்னை அறியாமல் கை கூப்பினான். "நத்தமீ!"

தண்ணீருக்குள்ளிருந்து சின்ன முகங்கள் எட்டிப் பார்த்தன. அவற்றுக்கு மேலே அவள், தரை தொடாமல், யாருக்காகவும் இல்லாமல் மிதந்தாள்.

"அடியில வெள்ளையைப் போட்டு, மேல மெல்லிசா மெல்லிசாப் பூசியிருக்கான்..." பாய் முணுமுணுத்தார். "சாஞ்ச வெளிச்சம் பட்டாத்தான் தெரியும். மத்தியானம் பாத்தா ஒண்ணுமே தெரியாது. நானும் மத்தியானம்தான் பாத்தேன்!"

தனசேகரனுக்குக் கண் மறைத்தது. அவள் இருக்கிறாள். தனக்கு மண்டை கலங்கவில்லை.

ஏஞ்சலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமை கொட்டாமல்.

"இதைத்தானா..." என்றாள். குரல் உடைந்தது. "ஒவ்வொரு தடவையும் கெஞ்சுவாரு. 'அஞ்சரை வரைக்கும் இரும்மா, உனக்கு ஒண்ணு காட்டறேன்'னு. எனக்கு ரெண்டு மணி ட்ரெயின். ஒரு நாள் கூட இருந்ததில்லை..."

"நேத்து?"

"நேத்து அவரு சர்ச்சுக்குப் போயிருப்பாருன்னு நெனச்சு, கள்ளச்சாவி போட்டுக்கிட்டு வந்தேன். வீட்டுல இருந்தாரு. 'கடைசில அஞ்சரைக்கு வந்துட்டியே!'ன்னு அவ்ளோ சந்தோஷம். டீ போட உள்ள போனாரு. அதுக்குள்ள மாத்திடலாம்ன்னு... பாதியில ட்ரேயோட வந்து நின்னாரு. ஒண்ணுமே சொல்லல. படத்தைப் பிடிக்கக் கையை நீட்டினாரு. கையில கெடச்சதை எடுத்து..."

முகத்தை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு கிளாஸைப் பாத்தா ஆள் வந்தது தெரிஞ்சிடுமேன்னு கூட்டினேன். அண்ணன் படியேறி வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போயிட்டேன்."

"அஞ்சு நிமிஷம் பொறுத்திருந்தா, அசல்ல அவ வர்றதைப் பாத்துட்டு அந்த நகலைத் தூக்கிப் போட்டிருப்பீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "இவரை எதுக்குக் காப்பாத்தப் பாத்தீங்க?"

"அவரு கூட்டினாருன்னா நான் கூட்டினது மறைஞ்சிடும்..."

தனசேகரனின் விலங்கு கழன்று அவள் கைக்குப் போனது. படியில் அவள் காலடிச் சத்தம் மூன்று மாடியும் இறங்கித் தேய்ந்தது.

வெளிச்சம் மங்கியது. தனசேகரன் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலி. அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவர் பக்கத்து நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டார்.

"மீ லா பீ!"

தெரு முழுக்க ஒரே கூச்சல். கரன்ட் வந்துவிட்டது! டியூப்லைட் இரண்டு தடவை கண் சிமிட்டி வெள்ளை வெளேரென்று எரிந்தது. மோகினி மறைந்தாள்.

ஹஸ்ஸான் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்திடம் குனிந்தார். வியாபாரிக்கு வியாபாரப் புத்தி.

"இது அசல்தான். லண்டன்காரன் கண்ணை மூடிட்டு வாங்..."

நின்றுவிட்டார்.

"என்ன பாய்?"

"எந்த மடப்பய இந்த வேலை செஞ்சது? கீழே மூலையைப் பாருங்க! நூத்தைம்பது வருஷத்துப் படத்துல போன மாசத்துப் பெயின்ட்! யாரோ ஒரு ஆளைப் புதுசா வரைஞ்சு வெச்சிருக்கான்!"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். தனசேகரனும் குனிந்தார்.

அந்தியில் அந்த மூலை இருட்டாகவே இருக்கும். டியூப்லைட்டில் அந்தப் படத்தை யார் பார்த்தார்கள்?

இங்கிலாந்தின் ஈரத் தெருவில், ஒரு குட்டி மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோனான். மடித்துக் கட்டிய லுங்கி. இடது முழங்கால் லேசாக வளைந்த நடை. தோளில் ஒரு துடைப்பம். அவன் போகிற பக்கத்தில்தான் அவள் மிதப்பாள்.

'அந்த நடையைக் கொஞ்சம் நட, பாக்கலாம்!'

இத்தனை நாளும் தனசேகரன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

"போச்சு!" பாய் தலையில் கை வைத்தார். "இனி இதை எவனும் தொடமாட்டான். ஒரு தொடப்பத்தைப் போட்டு மொத்த விலையையும் காலி பண்ணிட்டாரு மனுஷன்! அந்தப் பொண்ணு சல்லிக் காசுக்குப் பெறாத படத்துக்காகக் கொலை பண்ணிருக்கு!"

இன்ஸ்பெக்டர் மின் லுவின், படத்தையும் தனசேகரனையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் பாஷையிலும் வராத சிரிப்பு இப்போது உதட்டோரம் எட்டிப் பார்த்தது.

"ஏன் ஊலே... ஆகாசத்துல நிலா வந்தாச்சு. வெளக்கு வெச்ச நேரம். நீங்க கையில தொடப்பத்தோட நிக்கறீங்களே! எங்கம்மா பாத்தா உங்களையும் வெளுத்திருப்பா!"

தனசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நல்லாப் பாருங்க சயா... தோள்லதான் இருக்கு. கூட்டல!"